மென்பொருளை எதைக் கொண்டு அளப்பது?

மென்பொருளை நெடுங்காலம் வரிக்கணக்கில்தான் அளந்தார்கள். புரோகிராமர் எத்தனை வரி எழுதினாரோ அத்தனை வேலை. இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. ஒரே சம்பளக் கணக்கை ஒருவர் அசெம்பிளி மொழியில் 1000 வரிகளில் 10 நாளில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் உயர்நிலை மொழியில் 200 வரிகளில் 4 நாளில் முடித்துவிடுகிறார். முதலாமவர் நாளுக்கு 100 வரி, இரண்டாமவர் 50 வரி. சீக்கிரம் முடித்தவர் கணக்கில் பாதி வேலைக்காரர் ஆகிவிடுகிறார்!

ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் இந்தக் கோளாறுக்கு ஒரு வழி கண்டார். 1979 அக்டோபரில், கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த கருத்தரங்கில் அதை வெளியிட்டார். எழுதியவரின் வரியை விடுங்கள், பயன்படுத்துபவருக்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஃபங்ஷன் பாயின்ட், தமிழில் செயற்புள்ளி என்று சொல்லலாம்.

இன்று அந்த முறை ஐந்து வகைகளை எண்ணுகிறது: உள்ளே வரும் தரவு, வெளியே போகும் அறிக்கை, கேட்டதும் காட்டும் தகவல், மென்பொருள் தானே பராமரிக்கும் கோப்பு, வேறு மென்பொருளிடம் இருந்து பார்த்துக்கொள்ளும் கோப்பு. எளிய உள்ளீட்டுக்கு 3 புள்ளி; சிக்கலான சொந்தக் கோப்புக்கு 15.

அந்த 15 மீதுதான் ஆட்சேபம் எழுந்தது. எளியது, நடுத்தரம், சிக்கலானது என மூன்றே படிகள். அதற்கு மேல் கோப்பு எவ்வளவு பெருத்தாலும் 15 புள்ளிதான். இங்கிலாந்தின் சார்லஸ் சைமன்ஸ் 1988-இல் இத்தகைய குறைகளை எடுத்துக்காட்டி, மார்க் டூ என்ற மாற்று முறையைத் தந்தார். பின்னர் அவரும் கனடாவின் ஆலன் அப்ரானும் இன்னும் பலரும் சேர்ந்து உருவாக்கியதுதான் காஸ்மிக். 2003-இல் அது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது காஸ்மிக்தான். அதில் எடைப் பட்டியலே கிடையாது. தரவு நகர்வதை மட்டும் எண்ணினால் போதும்: நுழைவு, வெளியேற்றம், படிப்பு, எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதைப் பாருங்கள். உறுப்பினர் எண்ணையும் புத்தக எண்ணையும் தட்டுவது ஒரு நுழைவு. உறுப்பினர் விவரத்தைப் படிப்பது ஒன்று, புத்தக விவரத்தைப் படிப்பது ஒன்று. இரவலைப் பதிவது ஓர் எழுத்து. "பதிவாயிற்று" என்றோ "முடியாது" என்றோ திரையில் சொல்வது ஒரு வெளியேற்றம். ஆக 5 புள்ளி. எந்த மொழியில் எழுதினாலும் 5 புள்ளிதான். ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, தேவைப் பட்டியலை வைத்துக்கொண்டே இதை எண்ணிவிடலாம். இதன் பெரிய பலம் அதுதான்.

எல்லாவற்றையும் இது அளந்துவிடாது. வேகம், பாதுகாப்பு, உள்ளே நடக்கும் கடினமான கணிதம் ஆகியவை இந்தப் புள்ளிகளுக்குள் வராது. அவற்றைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மருத்துவமனைக்கோ மென்பொருள் எழுதித் தரச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், விலைக்கு முன் அளவைக் கேளுங்கள். எத்தனை புள்ளி, எந்த முறைப்படி எண்ணியது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.