பக்கத்து மனைக்கு வரும் கிரஷர்: எதைக் கேட்க வேண்டும்?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



பக்கத்து மனையில் பழைய கட்டடத்தை இடித்து, இடிபாடுகளை அங்கேயே உடைக்க நகரும் கிரஷர் கொண்டுவரப் போகிறார்கள். "விடவே கூடாது" என்று சிலர் சொல்கிறீர்கள். முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

'ஜா கிரஷர்' என்றால் தாடை இயந்திரம். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் எதிரெதிரே இரண்டு எஃகுத் தாடைகள். ஒன்று அசையாது. மற்றொன்று முன்னும் பின்னும் ஆடும். நடுவில் விழும் கான்கிரீட் கட்டி நசுங்கி நசுங்கிக் கீழே இறங்கும். அடியில் எவ்வளவு இடைவெளி விடுகிறோமோ, அதைப் பொறுத்தே ஜல்லியின் அளவு. அமெரிக்காவின் ஈலை விட்னி பிளேக் 1858-ல் காப்புரிமை பெற்ற முறை இது. இதனுடன் எஞ்சின், கன்வேயர் பெல்ட், கம்பியைப் பிரிக்கும் காந்தம் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் ஏற்றி, டயரோ செயினோ பொருத்தினால் நகரும் கிரஷர்.

இதில் நமக்கும் லாபம் உண்டு. உடைத்த ஜல்லியை அங்கேயே தரைக்கு அடியில் நிரப்பினால், நம் குறுகலான தெருவில் லாரிகள் குறையும்.

கவலைப்பட வேண்டியது தூசிக்குத்தான். கட்டிகளைக் கொட்டும் வாய், தாடை, பெல்ட்டிலிருந்து ஜல்லி விழும் முனை ஆகிய மூன்று இடங்களில் அது கிளம்பும். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் நுரையீரலில் தங்கிவிடும். நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். இயந்திரத்தின் பக்கத்திலேயே நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளிக்கு அந்த வழியில்லை.

ஆகவே, இயந்திரம் வருவதற்கு முன்பே நாம் எழுதிக் கேட்க வேண்டியவை:

1. மூன்று இடங்களிலும் நீர் தெளிப்பு இருக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் வேலையும் நிற்க வேண்டும்.

2. பெல்ட் முனையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழ விழத் தூசி கூடும்.

3. இயந்திரம் மனையின் மறுகோடியில் நிற்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும்.

4. வேலை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டின் ஒலி விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

5. தொழிலாளிகளுக்குத் தரமான முகக்கவசம்.

கடித வரைவு செயலாளரிடம் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஒரு வீட்டுக்கு ஒருவராவது கையெழுத்திடுங்கள். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு சண்டை போடுவதைவிட இது எளிது.