கரன்ட் வச்ச இடத்துல தோல் கறுத்தா என்ன செய்யணும்?

எங்க ஊர் நாட்டரசன்கோட்டைப் பக்கம் ரேடியோதெரபின்னா யாருக்கும் தெரியாது. ‘கரன்ட் வைக்கிறது’ன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். உண்மையில உடம்புக்குள்ள மின்சாரம் எதுவும் போறதில்ல. பெரும்பாலும் அதிக ஆற்றல் உள்ள எக்ஸ்ரேதான் போகுது. ஆனா அந்தப் பேரு ஒரு பயத்தைக் கொண்டு வருது. தோல் கறுத்து உரிய ஆரம்பிச்சதும், “பொசுக்கிட்டாங்க, இனிமே போக வேண்டாம்”னு வீட்ல முடிவு பண்ணிடுறாங்க. இந்த எபிசோட் அந்த முடிவைப் பத்தித்தான்.

முதல்ல, தோல் ஏன் உரியுது? மேல்தோலோட அடியில ஒரு செல் அடுக்கு இருக்கு. மேல பழைய செல் உதிர உதிர, கீழிருந்து புதுசு ஏறி வரும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். கதிர் அந்த அடி அடுக்கைத் தாக்குது. மேல இருக்கிற ஸ்டாக் தீரும்போதுதான் சேதம் வெளியே தெரியும். அதனாலதான் முதல் நாள் ஒண்ணுமே இருக்காது, ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிக்கும். கடைசி சிட்டிங் முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் கூடிட்டு, அப்புறம்தான் ஆறும். வெள்ளைத் தோல்ல இது சிவப்பாத் தெரியும். நம்ம தோல்ல பெரும்பாலும் கறுப்பாத் தெரியும்.

சரி, நடுவுல நிறுத்தினா என்ன? அந்த இடைவெளியில புற்றுநோய் செல்லும் மறுபடி வளரும். தலை, கழுத்துப் புற்றுநோய்ல சிகிச்சை ஒரு நாள் இழுத்தாலே, நோய் கட்டுப்படுற வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையும்னு கணக்கிட்டிருக்காங்க.

எங்க சின்ன அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். தினமும் பஸ்ல சிவகங்கை போய், அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு 50 கிலோமீட்டர். வியர்வை, ஜாக்கெட் தையல் உரசல் எல்லாம் சேர்ந்து அக்குள்ல தோல் உரிஞ்சிடுச்சு. “இன்னும் நாலு சிட்டிங்தானேப்பா, விட்டுருவோமே”ன்னாங்க. மறுநாள் நர்ஸ் கிட்ட காட்டினோம். புண்ணுக்கு மருந்து கொடுத்தாங்க. நாலையும் முடிச்சாங்க.

இப்ப வீட்ல செய்ய வேண்டியது. குளிக்கவே கூடாதுங்கிறது பழைய அறிவுரை. வெதுவெதுப்பான தண்ணி, மிதமான சோப்பு போதும். தேய்க்காம, துண்டால ஒத்தி எடுங்க. மார்க் பண்ண கோடு அழியாம பாத்துக்கோங்க. தளர்வான பருத்தித் துணி போடுங்க. கழுத்துல சிகிச்சைன்னா தாலிச் செயின் உரசும், கழட்டி வைக்கிறது நல்லது. ஆண்கள் பிளேடை விட்டுட்டு டிரிம்மர் பயன்படுத்தலாம்.

அடுத்தது மஞ்சள். மங்களூரு ஆய்வு ஒண்ணு 2014-ல வந்துச்சு. கடையில கிடைக்கிற, மஞ்சளும் சந்தன எண்ணெயும் கலந்த கிரீமை, தலை கழுத்து நோயாளிகள் 50 பேர்ல ஒரு பகுதிக்கு ஆரம்பத்துலயே தடவினாங்க. மத்தவங்களுக்கு பேபி ஆயில். கிரீம் தடவினவங்களுக்குத் தோல் பாதிப்பு குறைவு. நல்ல செய்திதான். ஆனா சின்ன ஆய்வு, தோல் உரியறதுக்கு முன்னாடியே தடவின கிரீம். அம்மியில அரைச்ச மஞ்சளை உரிஞ்ச புண்ணுல அப்புறதுக்கு இது சர்டிபிகேட் இல்ல. கண்ணாத்தா கோயில் சந்தனம், குங்குமம் நெத்தியில இருக்கட்டும், கதிர் படுற இடத்துல வேண்டாம். கற்றாழையும் அப்படித்தான்: 2002-ல ஆஸ்திரேலியாவுல ஒப்பிட்டப்போ சாதாரண கிரீம்தான் அதைவிட நல்லா வேலை செஞ்சுது.

சர்வதேச வழிகாட்டுதல்கள் 2023-ல பரிந்துரைச்சதுல மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கிரீம்கள் இருக்கு. மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க. முதல் வாரத்துலயே டாக்டர் கிட்ட, “எனக்கு இது தேவையா?”ன்னு கேளுங்க. எந்த கிரீமா இருந்தாலும் சிகிச்சைக்கு முன்னாடி கெட்டியா அப்பாதீங்க. கெட்டியான பூச்சு தோல்ல படுற கதிர் அளவைக் கூட்டும்.

நீர் கசியுதா, நாத்தம் அடிக்குதா, காய்ச்சல் இருக்கா? அடுத்த சிட்டிங் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கீமோவும் சேர்ந்து நடந்தா இன்னும் அவசரம்.

இடைவெளி விடணுமாங்கிறதை டாக்டர் முடிவு பண்ணட்டும். சொந்தக்காரங்க பண்ண வேண்டாம். உங்க வீட்ல யாராவது கரன்ட் வச்சுக்கிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு போன் போட்டு, “தோல் எப்படி இருக்கு, டாக்டர் கிட்ட காட்டினீங்களா?”ன்னு மட்டும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.