வீட்டுத் தோட்டத்தில் பீட்ரூட்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனி வீடுகளின் முற்றம் பெரும்பாலும் ஓர் அவரைப் பந்தலோடு நின்றுவிடுகிறது. இவ்வாண்டு அங்கே ஒரு பாத்தி பீட்ரூட்டும் இடுங்கள் என வேண்டவே வந்தோம். செங்கிழங்கு என வழங்க நமக்கும் ஆசையுண்டு. ஆனால் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் அப்பெயரைச் சொன்னால் சர்க்கரைவள்ளியை நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள்!

குளிர்ச்சியை விரும்பும் இக்கிழங்கைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கலாம். விதையை ஓரிரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. நாம் விதையெனக் கொள்வது இரண்டு மூன்று வித்துகள் ஒட்டிய காய். ஆதலின் ஓரிடத்தில் பல நாற்றுகள் எழும். 4 அங்குலத்திற்கு ஒன்றை விட்டு மற்றவற்றைக் களைந்து கீரையாகச் சமையுங்கள். களைய மனம் வராதவர் தோட்டத்தில் இலைதான் மிஞ்சும்.

மண்ணைப் பற்றியே மிகுதியாகச் சொல்ல வேண்டும். கிழங்கு பருக்க மண் பொலபொலவென்று இருத்தல் வேண்டும். நம் முற்றத்து மண்ணோ காய்ந்தால் செங்கல். மணல் கலந்தால் இளகும் என்றெண்ணிச் சயனைடு மேட்டிலிருந்து இரண்டு கூடை வாரி வருவோர் உளர். அருள்கூர்ந்து அதனைச் செய்யாதீர்கள். அது ஆற்று மணலன்று; பாறையைத் தூளாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட அக்கழிவோ நம் வீடுகளின் அருகிலேயே கிடக்கிறது. சயனைடு வெயிலில் சிதையும், உலோகங்கள் சிதையா.

"அம்மணலிலும் பீட்ரூட் நன்றாக வருகிறதே" என்பீர்கள். வரும். இதன் முன்னோர் கடற்கரை உவர்நிலத்தில் வளர்ந்த பூண்டு. மற்றக் காய்கறிகள் கருகும் உவரிலும் இது தழைக்கும். மண்ணிலுள்ள உப்பை இலையிலும் கிழங்கிலும் ஏற்றிக்கொள்ளும். எனவே செடியின் செழிப்பைக் கண்டு மண் தூயதென முடிவு செய்யலாகாது.

மேடுகளுக்கு நெடுந்தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து ஏரி வண்டல் ஒரு வண்டி தருவித்து, நான்கு வீட்டார் பங்கிட்டுக்கொள்ளலாம். நன்கு மக்கிய எருவைக் கலந்து, செங்கல் அடுக்கி, முக்கால் அடி உயரத்தில் பாத்தி கட்டுக. இடமில்லாதார்க்குச் சாக்கே போதும். காற்றடிக்கும் நாட்களில் மேட்டுத் தூள் இலைமேல் படியும்; கீரையை மும்முறை அலசுங்கள், கிழங்கைத் தோல் சீவுங்கள். சுரங்கத் தூளால் நெஞ்சு கெட்டு இருமிய பெரியோரை நாம் அறிவோம். பிள்ளைகளின் கலத்திலும் அத்தூள் வேண்டா.

மாரிக்குப்பத்தில் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூர் சென்று இரவு மீள்வோருக்குத் தோட்டம் ஏது என்பர். பயணச்சீட்டுச் சாளரத்திலிருந்து அவர்களை நாள்தோறும் காண்கிறோம். அவர்தம் களைப்பும் அறிவோம். ஆனால் பாத்தி கட்டியபின், தண்ணீர் ஊற்றுதலும் களை பிடுங்குதலுமே வேலை. வீட்டிலுள்ள ஓய்வுபெற்றோர் அதனை மகிழ்ந்து செய்வர்.

60 முதல் 70 நாட்களில், கிழங்கு ஆரஞ்சுப் பழத்தளவு ஆனதும் பிடுங்கிவிடுக, முற்றினால் நாராகும். உண்ட மறுநாள் சிறுநீர் சிவந்து காணின் தாய்மார்கள் அஞ்சி மருத்துவமனைக்கு ஓட வேண்டா. சிலருக்கு அவ்வாறு ஆகும். அது கிழங்கின் சாயமே.