பதாகையில் இல்லாத பிள்ளைகள்



நூற்றாண்டு நிதியில் தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்த வேண்டுமென்று நம்மில் பலர் விரும்புகிறோம். நல்ல நோக்கம். ஆனாலும் அதற்குச் சொல்லும் நியாயத்தை ஒருமுறை பிரித்துப் பார்ப்போம்.

"வகுப்புக்குப் போன பிள்ளைகள் சித்தியடைந்தார்கள், எங்கள் பிள்ளைகளுக்கும் வகுப்பு வைத்தால் சித்தியடைவார்கள்." இதற்குள் வெளியே சொல்லாத எடுகோள்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, வகுப்பு இல்லாவிட்டால் அவர்கள் சித்தியடைந்திருக்க மாட்டார்கள் என்பது. தடிமனுக்குக் குளிசை எடுத்தவர் ஒரு கிழமையில் சுகமானார் என்றால், எடுக்காதவருக்கு எத்தனை நாள் சென்றது என்று மருத்துவர்களாகிய நாங்கள் கேட்போம். வகுப்புக்குக் காசு கட்டக்கூடிய வீட்டில் பெரும்பாலும் காலைச் சாப்பாடும் இருக்கும், இரவில் கொப்பி பார்க்க ஒருவரும் இருப்பார்.

இரண்டாவது, பதாகையில் இருப்பவர்கள்தான் வகுப்புக்குப் போனவர்கள் என்பது. அதே வாங்கில் இருந்து படித்து, வெட்டுப்புள்ளிக்கு 2 புள்ளி குறைந்த பிள்ளையின் படத்தை எவரும் சந்தியில் கட்டுவதில்லை.

மூன்றாவது, எல்லாரும் வகுப்புக்குப் போனால் எல்லாரும் சித்தியடையலாம் என்பது. 200 புள்ளிக்கான இந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். உதவிப்பணமும் பிரபல பாடசாலை இடங்களும் அளவானவை. எல்லாருடைய புள்ளியும் ஏறினால் வெட்டுப்புள்ளியும் ஏறும். விடிய 5 மணி பஸ்ஸுக்கு எல்லாரும் 4 மணிக்கே வந்து நின்றாலும் இருக்கைகள் கூடப்போவதில்லை, நித்திரைதான் குறையும்.

வகுப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இடப்பெயர்வுக் காலத்தில் மரநிழலில் நடந்த வகுப்புகளால்தான் எங்களில் பலர் கரை சேர்ந்தோம். ஆனால் அவை மாதிரி வினாத்தாள் பழக்கிய வகுப்புகள் அல்ல. இல்லாத ஆசிரியரின் இடத்தை நிரப்பியவை.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணம் கிட்ட வந்துவிட்டது. சித்தியடையும் பிள்ளை பாலம் தாண்டிப் போகக்கூடும். மற்றப் பிள்ளைகள் இங்கேயேதான் படிப்பார்கள். இந்த நிதி அவர்களுக்கும் உரியது.

ஆகவே முதலில் தரம் 3 வகுப்புக்குள் போவோம். ஒரு பந்தியைத் தடக்குப்படாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குவோம். வகுப்பு வைத்தாலும், வந்த பிள்ளைகள் எல்லாருடைய புள்ளிகளையும் எழுதி வைப்போம், சித்தியடையாதவர்களுடையதையும் சேர்த்து. அப்போதுதான் எங்கள் காசு என்ன செய்தது என்று எங்களுக்கே தெரியும்.