ஓட்டிசக் குழந்தையும் நமது மரியாதையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வன்னி மக்களாகிய நாம் விருந்தோம்பலிலும் மரியாதையிலும் பெயர் பெற்றவர்கள். வீட்டுக்கு ஒருவர் வந்தால் குழந்தை எழுந்து நிற்க வேண்டும். முகம் பார்த்து "வாங்கோ மாமா" என்று அழைக்க வேண்டும். அழையாத குழந்தையைக் கண்டால், "வளர்ப்புச் சரியில்லை" என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டுப் போகின்றோம். அச்சொல் தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கின்றது. அடுத்த கலியாண வீட்டுக்கு அவள் பிள்ளையைக் கூட்டி வருவதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. நாலு பேருடன் பழகக் கற்கும் இடங்கள் யாவும் அக்குழந்தைக்கு ஒவ்வொன்றாக அடைபட்டுப் போகின்றன.

ஓட்டிசம் பிடிவாதமன்று, வளர்ப்புக் குறையுமன்று. மூளை வளரும் விதத்தில் இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளின் வரலாற்றை எழுதி இதனை உலகறியச் செய்தார். பின்னர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்றொரு கொள்கை மேல்நாடுகளில் பரவி, எத்தனையோ தாய்மாரைக் கண்ணீர் சிந்த வைத்தது. இத்தகைய மகன் ஒருவனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964 இல் வெளியிட்ட நூலில் அக்கொள்கையை மறுத்தார். அறிவுலகம் கைவிட்ட அந்தப் பழி நமது ஒழுங்கைகளில் இன்னும் உலாவலாமா?

இது அபூர்வமானதுமன்று. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் துணைவர்களும் இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டெனக் கணித்தது.

ஆயின், இக்குழந்தைக்கு மரியாதை பழக்க முடியாதா? முடியும். மற்றப் பிள்ளைகள் பார்த்தே பிடித்துக்கொள்வதை, இப்பிள்ளைக்குப் படிப்படியாகக் காட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, சொல். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று தாய் கூறினால், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இயல்புடைய குழந்தை, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றே கூறும். சுற்றியிருப்போர் சிரிப்பர். ஆகவே "வணக்கம்" என்ற ஒரு சொல்லை மாத்திரம் கைகூப்பிக் காட்டித் தாயே சொல்லிவிட்டு, அவசரப்படுத்தாமல் பொறுத்திருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குக் கூப்பிய கையே போதும். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தலாகாது. பலருக்கு அது பெருந் துன்பம். கையைப் பற்றிக் குலுக்க வேண்டாத நமது வணக்கம் இப்பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போலன்றோ இருக்கின்றது!

இரண்டாவது, முன்னறிவிப்பு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை நினைத்துப் பாருங்கள். மேளமும் ஒலிபெருக்கியும் சனத்திரளும் நமக்குப் பரவசம். ஓசையைத் தாங்கமாட்டாத குழந்தைக்கோ வேதனை. அது காதைப் பொத்திக்கொண்டு அலறுவது அடக்கமின்மையன்று. ஆரவாரமில்லாத ஒரு நாளில் முதலில் அழைத்துச் செல்லுங்கள். செருப்பைக் கழற்றுதல், கால் கழுவுதல், கும்பிடுதல், வீடு திரும்புதல் என நான்கு படங்களை வரிசையாக முன்னரே காட்டுங்கள். முதல் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். செய்து முடித்தவுடன் மெச்சுங்கள்.

மூன்றாவது, "வேண்டாம்" என்று சொல்லப் பழக்குதல். "மாமாவைக் கொஞ்சு" என்று நெருக்கி, விருப்பமில்லாத தொடுகையைச் சகிக்கப் பழக்கிவிட்டால், தீயவன் ஒருவன் தொடும்போதும் அது வாய் திறவாது. மறுக்கக் கற்பிப்பதும் மரியாதைக் கல்வியின் ஒரு பகுதியே.

"அடியாத மாடு படியாது" என்பார் உளர். குழந்தை மாடன்று. அடியினால் அது அறிவது அச்சம் ஒன்றையே.

பெரியோர்களே! மரியாதை கொடுத்து வாங்குவது. வணக்கம் வரும்வரை காத்திருத்தலும், கேளாமல் கன்னத்தைக் கிள்ளாதிருத்தலும் நமது பங்கு. பேச்சுப் பிந்தினாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, "வளர்ந்தால் சரிவரும்" என்று காலங்கடத்தாமல் குடும்பநல உத்தியோகத்தரிடமும் குழந்தை வைத்திய நிபுணரிடமும் காட்டும்படி பெற்றோருக்கு அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். மாற்றுத்திறனைக் காரணங்காட்டி மாத்திரம் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்தலை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது என்பதையும் அவர்கள் அறியட்டும்.

இளைஞர்களே! திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகின்றோம், செருப்புக் காக்கின்றோம். ஒலிபெருக்கிக்கு எட்டாத ஒரு மரநிழலில் பாய் விரித்து, இத்தகைய பிள்ளைகளுக்கென ஓர் இடமும் ஒதுக்குவோம். அலறும் பிள்ளையுடன் தவிக்கும் தாயைக் கண்டால், வேடிக்கை பார்ப்போரை விலக்கி, "அக்கா, நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்போம். அவள் அடுத்த வருடமும் பிள்ளையுடன் கோயிலுக்கு வருவாளாயின், அதுவே நமது தொண்டுக்குக் கிடைத்த பயன்.