மூடிய ஏடும் முடங்கிய கூலியும்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் சுருக்கம்)



அரசின் கருவூலத்தில் உள்ளது யார் பணம்? மண் சுமப்பவனும் கடையில் பொருள் வாங்குபவளும் செலுத்திய வரிப்பணம். பணம் மக்களுடையதாயின் அதன் கணக்கும் மக்களுடையதே.

இவ்வுண்மையை நாட்டுக்கு உரக்கச் சொன்னவர்கள் இராசசுத்தான் மாநிலத்துக் கூலி உழைப்பாளர்கள். சட்டம் வகுத்த கூலி அவர்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. கேட்டபோது, ஏட்டில் அவ்வளவு வேலைதான் பதிவாகியுள்ளது என்றனர். ஏட்டைக் காட்டுக என்றபோது, அஃது அரசின் கமுக்கம் என்றனர்!

ஆட்சிப்பணியைத் துறந்து வந்த அருணா இராய் முதலியோருடன் இணைந்து, அவ்வுழைப்பாளர் 1990இல் ஓர் அமைப்புக் கண்டனர். 1994 திசம்பரில் கோட்கிரானா என்னும் சிற்றூரில் ஊரைக் கூட்டிக் கணக்குகளைப் படித்தனர். அடுத்தடுத்துக் கூடிய இத்தகைய மன்றங்களில், இறந்தோரும் வேலைக்கே வாராதோரும் கூலி பெற்றதாக எழுதப்பட்டிருந்த பொய்ம்மை வெளிப்பட்டது. 1996 ஏப்பிரலில் பியாவர் நகரில் தொடங்கிய அறப்போர் 40 நாள் நீடித்தது. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்திய ஒன்றியச் சட்டம் 2005இல் வந்தது. கேட்ட செய்தியை 30 நாளுக்குள் தருதல் வேண்டும் என்பது அதன் நெறி.

கேட்டபின் தருவது மட்டும் போதாது. கேளாமலே வெளியிடுக என்கிறது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. வட்டார மொழியையும் கருதுக என்கிறது. பூட்டிய ஏடு ஒருவகை மறைப்பு எனின், படிப்பவனுக்குப் புரியாத மொழியில் திறந்து வைத்த ஏடு மற்றொரு வகை மறைப்பே!

இந்நெறி நமக்குப் புதிதன்று. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறுகின்றது. அது நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே உரிமை தந்த பார்ப்பன ஊர். சிலர்க்கு மட்டும் அன்றிருந்த அவ்வுரிமை இன்று எல்லார்க்கும் வேண்டும்.

ஆயின் 2023இல் இயற்றிய தரவுக் காப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி, தனியாள் செய்தி என்று மறுப்பதற்கான வாயிலை அகலமாக்கியது. ஒருவரின் நோயையும் குடும்பத்தையும் காத்தல் நன்று. ஆனால் பொதுப்பணம் பெற்றோர் பெயரையும் மறைத்துவிட்டால், கூலிப் பட்டியலில் ஒளிந்திருக்கும் இறந்தவனை எங்ஙனம் கண்டறிவது? மொத்தத் தொகை திருடனைக் காட்டாது. பெயரும் நாளும் தொகையுமே காட்டும்.

ஆகவே தோழர்களே, ஊரவை கூடும் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்! வரவு செலவை வரிவரியாகக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள்! ஏடு திறந்தால்தான் நாடு திருந்தும்.