எந்தக் காமிரா? முதலில் எந்த நெகட்டிவ்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் செல்போன் இருக்கும்போதே, “ஃபிலிம் காமிரா வாங்க ஆசை, எந்த மாடல் வாங்கலாம்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் மாடலைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் நெகட்டிவ் அளவைத் தீர்மானம் பண்ணுங்க.

சேலத்திலும் நாமக்கல்லிலும் பழைய ஸ்டூடியோக்காரர்கள் “120 ரோல்” என்பார்களே, அது கோடக் கம்பெனி 1901இல் கொண்டுவந்தது. அகலம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். இந்த ஃபிலிம் இன்றும் தயாராகிறது. நம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையும் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்தது, அது மூடப்பட்டுவிட்டது. பழைய காமிரா வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில கோடக் காமிராக்கள் 620 ரோலுக்கானவை. ஃபிலிம் அதே அகலம்தான், ஆனால் சுருள்கட்டை வேறு. 120 அதில் நேரடியாகப் பொருந்தாது.

இந்த ஒரே ரோலில் 6x4.5 அளவில் 15 அல்லது 16 படம், 6x6 என்றால் 12, 6x7 என்றால் 10, 6x9 என்றால் 8 படம் எடுக்கலாம். ரோல் விலையை இந்த எண்களால் வகுத்தால் ஒரு ‘கிளிக்’ என்ன விலை என்பது தெரிந்துவிடும்.

பெரிய நெகட்டிவால் என்ன லாபம்? நம் குரூப் போட்டோவையே எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 25 பேர். 35 மி.மீ. நெகட்டிவின் நீளம் 36 மில்லிமீட்டர். ஒரு ஆளுக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. 6x6இல் உண்மையான அகலம் 56. ஆளுக்கு இரண்டேகால் கிடைக்கும். 6x9இல் 84, ஆளுக்கு மூன்றேகாலுக்கு மேல் வரும். நாற்பது வருஷம் கழித்து “மூணாவது வரிசையில் நிற்கிறவன் யாருப்பா?” என்று கேட்கும்போது, பெயர் சொல்ல முடிவதும் முடியாததும் இந்த மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கிறது.

அதற்காக எல்லோரும் 6x9 வாங்க வேண்டியதில்லை. என்ன பிரிண்ட் போடப் போகிறோம் என்று பாருங்க. 8x10 அங்குலப் படத்துக்குச் சதுர நெகட்டிவின் ஓரத்தை வெட்ட வேண்டும். மிஞ்சுவது 56க்கு 45தான். அதாவது 6x4.5 நெகட்டிவை விடக் கொஞ்சம்தான் பெரிது! 6x7 நெகட்டிவோ 8x10க்கு ஏறக்குறைய வெட்டே இல்லாமல் பொருந்தும். அப்படியானால் சதுரம் வீணா? இல்லை. காமிராவைத் திருப்பாமலே எடுத்துவிட்டு, நெட்டையா படுக்கையா என்பதை டார்க் ரூமில் முடிவு செய்யலாம். கல்யாண வீட்டு அவசரத்தில் அது பெரிய சௌகரியம்.

இனி காமிரா. கற்றுக்கொள்பவருக்கு யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் காமிரா நல்ல துணை. 124ஜி மாடல் 1986 வரை தயாரானது. நெஞ்சு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும். லென்ஸிலேயே ஷட்டர் இருப்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். அதற்கான பாதரச பாட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. மீட்டரை நம்பாமல் தனி மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ உருவப்படமே லட்சியம் என்றால் 1970இல் வந்த மாமியா ஆர்பி 67. ஆனால் அது ஸ்டாண்டில் நிற்க வேண்டிய கனம். கொல்லிமலைக்கு நடந்து ஏறுபவருக்கு மடக்குக் காமிரா போதும். 6x9லும் உண்டு, சட்டைப் பையை விடக் கொஞ்சம்தான் பெரிது.

வாங்கும்போது ஷட்டரை 1 விநாடியில் வைத்து அழுத்துங்கள். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் இழுத்து இழுத்து மூடும். லென்ஸில் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். மடக்குக் காமிராவின் துருத்தியை இருட்டறையில் உள்ளே விளக்கு வைத்துச் சோதியுங்கள். ஊசித் துளையிலும் வெளிச்சம் கசியும்.

நம் சமவெளி வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டால் கண்குழியெல்லாம் கறுப்பாகிவிடும். குரூப் போட்டோவைக் காலையில் மரநிழலில் வையுங்கள். நெகட்டிவ் பெரிதாகும்போது ஃபோகஸ் ஆழம் குறையும். ஆகவே எஃப் 11 வையுங்கள், 400 வேக ஃபிலிம் போடுங்கள், நாலு வரிசையும் தெளிவாக விழும். மிச்ச ஃபிலிமைச் சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக மூத்தவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு பீரோவில், மூடிவிட்ட ஸ்டூடியோ மூலையில், 120 நெகட்டிவ் உறைகள் கிடக்கலாம். பழைய பேப்பரோடு போட்டுவிடாதீங்க. பிரிண்ட் மங்கினாலும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒழுங்காக வைத்தால் நிற்கும். இந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதி வைப்பார்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கும்போதே அந்த வேலை நடக்கட்டும்.